நாற்பத்தொன்று

2001 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. முற்பகல் பதினொன்றே கால் மணி. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தியை விட்டுவிட்டுப் புறப்பட்டேன். அவள் என் மாணவி. பஸ்ஸில் தலைகளை எண்ணியபோது நாற்பத்தொன்று வந்தது. நாற்பத்திரண்டு வந்திருக்க வேண்டும். தெரிந்தே வண்டியை எடுக்கச் சொன்னேன். பிறகு பழியை அவள் மேலேயே போட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். இதை அவள் வீட்டு வாசலில் நின்று சொல்ல எனக்கு இருபத்தோரு வருடம் ஆயிற்று. மீதியையும் எழுதுகிறேன். தீர்ப்புச் சொல்லப்போகிறவர்கள் நீங்கள். உங்களிடம் எதையும் மறைத்து வைக்கக் கூடாது.

பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம், கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய கிராமம் ஒன்றில் நடுநிலைப் பள்ளி. அங்கே நான் அறிவியல் வாத்தியார். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சின்ன வயதிலிருந்தே வானத்தின் மேல் பித்து. 1986-இல் ஹாலி வால்மீன் வந்தபோது மூன்று ராத்திரி மொட்டை மாடியில் கண் விழித்துக் கிடந்தேன். சரியாகப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1988-இல் கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் திறந்தார்கள். போக வேண்டும், போக வேண்டும் என்று பதின்மூன்று வருடம் தள்ளிப்போட்டேன். தங்கை கல்யாணம், அதன் கடன், பிறகு என் கல்யாணம், அதன் கடன். அறுபது கிலோமீட்டர் தூரத்தில் இருந்ததை நான் பார்க்கவில்லை.

பிள்ளைகளை அழைத்துப் போகலாம் என்று தோன்றியது. தலைமை ஆசிரியரிடம் ஐந்து மாதம் கேட்டுக்கொண்டே இருந்தேன். "வெறும் நட்சத்திரம் பார்க்கவா தலைக்கு அறுபது ரூபா? மியூசியத்தையும் சேர்த்துக்கோங்க" என்றார். சேர்த்துக்கொண்டேன். பிள்ளைகள் பார்க்கட்டும் என்று ஊரில் சொன்னேன். பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். என் மனைவியிடம்கூட அப்படித்தான் சொன்னேன். அந்தப் பயணம் எனக்காக. அந்தக் கூரையின் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது எனக்கு. இதை முதலில் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

காலை ஆறு மணிக்கு வாடகை பஸ் கிளம்பியது. ஆறாவதும் ஏழாவதும் சேர்த்து நாற்பத்திரண்டு பேர். கூட ஒரு டீச்சர். பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தில் சம்பளம் வாங்கிய தற்காலிக ஆசிரியை. இருபத்து நான்கு வயதுப் பெண்.

சென்னையில் பழைய ஆட்கள் மியூசியத்தை 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சி சாலைக்குப் பெயர் 'உயிர்க் காலேஜ்'. 1851-இல் மியூசியம் முதலில் தொடங்கியது கல்லூரிச் சாலையில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இருந்த கட்டடத்தில். பிறகுதான் பாந்தியன் சாலைக்கு வந்தது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். அவர் உயிருள்ள மிருகங்களையும் அங்கே வைத்து வளர்த்தார். சென்னை மிருகக்காட்சி சாலைக்கு அதுதான் வேர். பஸ்ஸில் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். "முதல்ல செத்த காலேஜ், அப்புறம்தான் வானம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த இடத்தின் மேல் இருந்த அலட்சியம் அந்தச் சொல்லில் இருந்தது. பிள்ளைகளுக்கு அதையும் சேர்த்துத்தான் கொடுத்தேன்.

ஒன்பதே முக்காலுக்கு உள்ளே போனோம். பன்னிரண்டு மணிக்குக் கோளரங்கத்தில் தமிழ்க் காட்சி. பதினொரு மணிக்கெல்லாம் வெளியே வந்துவிட வேண்டும் என்று மனதுக்குள் கணக்கு வைத்திருந்தேன். நூற்றைம்பது வருடம் சேர்த்து வைத்ததை ஒன்றேகால் மணி நேரத்தில் பார்த்து முடிக்கச் சொன்னேன். அமராவதிச் சிற்பங்களைத் தாண்டி நடந்தோம். ஆதிச்சநல்லூர்த் தாழிகளைத் தாண்டி நடந்தோம். திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்று விலா எலும்புகளை எண்ணத் தொடங்கிய பையன்களை, "எண்ணுனது போதும், நடங்க" என்று கிளப்பினேன். செப்புத் திருமேனிகளுக்குப் பத்து நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் சென்னையையே அன்றுதான் பார்க்கிறார்கள். அவர்கள் கண்ணில் இருந்த பசி எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் விரட்டினேன்.

கற்கால ஆயுதங்கள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அவள் நின்றுவிட்டாள்.

"சார், அத்திரம்பாக்கம்னு போட்டிருக்கு சார்."

அத்திரம்பாக்கம் எங்களுக்குப் பக்கத்து ஊர். சைக்கிளில் போய் வரலாம்.

"சரி, வா."

"சார், இந்தக் கல்லு எங்க வீட்ல இருக்கு சார். அம்மா புளி தட்டும்."

நான் அந்தப் பெட்டியைப் பார்க்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். "கல்லு எல்லா ஊர்லயும் இருக்கு. நட" என்றேன்.

ஒரு பிள்ளை தன் வாழ்க்கையில் முதன்முதலாக, தன் வீட்டுப் பொருள் ஒன்றை அருங்காட்சியகத்தில் பார்த்து அடையாளம் சொல்லியிருக்கிறாள். அறிவியல் வாத்தியார் அதற்குச் சொன்ன பதில் அது.

வெளியே வந்தோம். பஸ்ஸில் ஏற்றினேன். ஒரு சீட்டில் மூன்று பேர். கையிலிருந்த பேனாவால் ஒவ்வொரு தலையாகக் காட்டி எண்ணினேன். நாற்பத்தொன்று. பின்சீட்டிலிருந்து முன்னால் வரை மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்று. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண், அவளுடைய சிநேகிதி, எழுந்து நின்றாள்.

"சார், அவ இன்னும் ஏறல சார்."

"பின்னாடி இருப்பா. உட்காரு."

"இல்ல சார், நான் பாத்தேன்..."

"உட்காருன்னு சொன்னேன்ல."

உட்கார்ந்தாள். டீச்சர் படியில் நின்று, "சரியா இருக்கா சார்?" என்று கேட்டார். "சரியா இருக்கு" என்றேன். என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. நாற்பத்திரண்டு பெயர் வரிசையாக எழுதியிருந்தேன். இறங்கும் இடம், ஏறும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். எழும்பூர்க் கட்டத்தில் நாற்பத்திரண்டு பெயருக்கும் டிக் போட்டேன். அவள் பெயருக்கும் போட்டேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். "போலாம்" என்றேன்.

எண்ணிக்கையில் ஏதோ பிசகு என்று நினைத்துவிட்டேன், அதனால்தான் கிளம்பினேன். பல வருடம் எனக்கு நானே இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். இரண்டு முறை எண்ணி ஒரே எண் வந்தால் அது பிசகு இல்லை. பிள்ளைகளுக்குப் பரிசோதனை சொல்லிக் கொடுக்கும் நான் அதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். கூடவே ஒரு குழந்தை எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியும். உள்ளே போய்த் தேடினால் அரை மணி நேரமாவது ஆகும். அண்ணா சாலை நெரிசலில் இன்னொரு அரை மணி. காட்சி தொடங்கிவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். இவ்வளவும் அந்த ஒரு நிமிடத்தில் என் மனதில் ஓடியது. எந்தப் பக்கம் தாழ்ந்தது என்று பார்த்தேன். பஸ்ஸை எடுக்கச் சொன்னேன்.

கோளரங்கக் கவுண்டரில் பிள்ளைகள் நாற்பத்திரண்டு என்று சொல்லிச் சீட்டு வாங்கினேன். நாற்பத்தொன்று என்று சொல்ல வாய் வரவில்லை. வாசலில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு சீட்டாகக் கொடுத்து உள்ளே அனுப்பினேன். கடைசிப் பையன் உள்ளே போன பிறகு என் சீட்டும் இன்னொரு சீட்டும் கையில் மிச்சம் இருந்தன. அதற்கு மேல் எனக்குச் சந்தேகம் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. அந்தச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். உள்ளே போனேன்.

கவிழ்த்து வைத்த சட்டி போல வெள்ளைக் கூரை. நடுவில் அந்த ஜப்பானியக் கருவி. இரண்டு பக்கமும் பெரிய உருண்டைத் தலைகள். உள்ளே விளக்கு எரியும். உருண்டையில் இருக்கும் நுண்துளைகள் வழியே வெளிச்சம் கூரையில் போய் விழும். ஒவ்வொரு துளையும் ஒரு நட்சத்திரம். கருவி மெல்லச் சுழன்றால் வானமே கிழக்கிலிருந்து மேற்கே நகரும். ஒரு ராத்திரியைச் சில நிமிடங்களில் காட்டிவிடலாம். இதையெல்லாம் புத்தகத்தில் படித்து வகுப்பில் பத்து தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது கண் முன்னால் இருந்தது. மேற்கே சூரியன் இறங்கியது. இருள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பிள்ளைகள் "ஓ" என்று ஒரே குரலில் கத்தினார்கள். தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள்.

நான் எழுந்து வெளியே போயிருக்கலாம். வாசலில் ஆள் இருந்தார். ஒரு போன் செய்யச் சொல்லியிருக்கலாம். டீச்சரை எழுப்பிச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்திருக்கலாம். நான் எழவில்லை. சட்டைப் பையில் இருந்த சீட்டு நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. ஓரியன் வந்தது. கார்த்திகை வந்தது. துருவ நட்சத்திரத்தை அம்புக்குறியால் காட்டினார்கள். காட்சி முடியும் வரை உட்கார்ந்திருந்தேன். பயத்தில் உறைந்துபோய் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னால் உங்களுக்கு என் மேல் கொஞ்சம் இரக்கம் வரும். பயம் இருந்தது. ஆனால் நான் பார்த்துக்கொண்டும் இருந்தேன். அழகாக இருந்தது. அந்த அழகை ரசித்தேன். இதைத்தான் நான் எவரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடமும் சொன்னதில்லை.

விளக்குப் போட்டதும் டீச்சர் எண்ணினார். முகம் வெளுத்துவிட்டது. "சார், ஒண்ணு குறையுது." நான் அப்போதுதான் தெரிந்தவன் போல் பதறினேன். அந்தப் பதற்றத்தில் பாதி நடிப்பு. அவரைப் பிள்ளைகளோடு இருக்கச் சொல்லிவிட்டு ஆட்டோவில் எழும்பூர் போனேன். போய்ச் சேரும்போது மணி ஒன்றரை.

அவள் அதே கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் கிளம்பி இரண்டே கால் மணி நேரம் ஆகியிருந்தது. அந்தக் கூடத்தின் காவலர், காக்கிச் சட்டை போட்ட வயதான மனிதர், பக்கத்தில் நின்றார். தன் ஸ்டூலை அவளுக்குக் கொடுத்திருந்தார். அவள் உட்காரவில்லை. ஆபீசுக்கு வா, போன் செய்து விசாரிக்கலாம் என்று கூப்பிட்டிருக்கிறார். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "நின்ன இடத்துலயே நிக்கணும்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க. சார் வருவாங்க" என்று சொன்னாளாம். வருடா வருடம் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகும்போது அவள் அம்மா சொல்லிக் கொடுத்தது அது. கூட்டத்தில் தொலைந்தால் அங்கே இங்கே ஓடாதே, நின்ற இடத்திலேயே நில், நாங்கள் வருவோம்.

அவள் நின்றாள்.

கையில் நோட்டு திறந்திருந்தது. பெட்டிக்குள் இருந்த கற்களைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் கீழும் ஊர்ப் பெயர். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "சார்" என்று ஓடி வந்தாள்.

நான் அவள் கன்னத்தில் அறைந்தேன்.

காவலர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க, நீங்க வாத்தியாரா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. கோளரங்கத்தில் மதியம் இன்னொரு காட்சி இருந்தது. என் சட்டைப் பையில் அவள் சீட்டு இருந்தது. கேட்டிருந்தால் உள்ளே விட்டிருப்பார்களோ என்னவோ, நான் கேட்கவில்லை. நாற்பத்தொரு பேர் பார்த்த வானத்தை அவள் பார்க்காமலேயே ஊர் திரும்பினாள்.

ஊர் வந்து சேர ராத்திரி எட்டு மணி. வழியில் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அந்தச் சிநேகிதியை என் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "நீ எங்கிட்ட எதுவும் சொல்லல. சரியா?" என்றேன். அவள் தலையாட்டினாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லச் சொல்லிக் கொடுத்தேன். அதுவும் தன் சிநேகிதிக்கு எதிராக.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியர் அறையில் விசாரணை. அவள் அப்பா வந்திருந்தார். செங்கல் சூளை வேலைக்காரர். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரமாக நின்றார். நான் நோட்டை மேசையில் வைத்தேன். எழும்பூர்க் கட்டத்தில் நாற்பத்திரண்டு டிக். "எண்ணித்தான் ஏத்தினேன். நான் முன்னாடி போன நேரத்துல இந்தப் பொண்ணு யாருக்கும் தெரியாம இறங்கிப் போயிருக்கா. சொல்பேச்சுக் கேக்காத பொண்ணு" என்றேன். சிநேகிதியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாது சார்" என்றாள். டீச்சர் அழுதுகொண்டே அந்த அப்பாவிடம், "நானும் பாத்துக்கல, மன்னிச்சுக்கோங்கண்ணே" என்றார். தப்பே செய்யாத அந்த டீச்சர் மன்னிப்புக் கேட்டார். தப்புச் செய்த நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவளைக் கேட்டார்கள். "நான் இறங்கல சார். நான் ஏறவே இல்ல" என்றாள். ஒருமுறைதான் சொன்னாள். அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். வாத்தியார் பொய் சொல்வார் என்று நினைக்கக்கூட அந்த மனிதருக்குத் தெரியாது. என் முன்னால் கை கூப்பிவிட்டுப் போனார்.

கிராமத்தில் ஒரு பெண் பிள்ளையைப் பற்றி, "பட்டணத்துல பஸ்ஸை விட்டு இறங்கித் தனியா போயிட்டா" என்று சொன்னால் அது என்னவாக வளரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் அன்று தெரியும். ஒரு மாதத்தில் அந்தச் சொல் ஊர் முழுக்கச் சுற்றியது. யாரோ கூப்பிட்டார்கள் போனாள் என்றார்கள். ஓடப் பார்த்தாள், வாத்தியார் பிடித்து வந்தார் என்றார்கள். என்னைக் காப்பாற்றினவனாக்கி ஒரு கதை! டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

எட்டாம் வகுப்பு முடிந்தது. ஒன்பதாவதுக்குப் பஸ் ஏறித்தான் போக வேண்டும். அவளை நிறுத்திவிட்டார்கள். டி.சி. வாங்க அப்பா வரவில்லை. பள்ளியிலிருந்து என்னைத்தான் அவர் வீட்டுக்கு அனுப்பினார்கள், பேசிப் பார்க்கச் சொல்லி. அவர் மரியாதையோடுதான் பேசினார். "ஒரு இடத்துல நிக்கத் தெரியாத பொண்ண எப்படி சார் பஸ்ஸுல தனியா அனுப்புறது? நீங்களே சொன்னீங்களே."

அவள் உள்ளே அம்மாவோடு நின்றிருந்தாள். இரண்டே கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்றவள். அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் வேலை போகும், மெமோ வரும், ஊரில் தலை நிமிர முடியாது என்று பயந்தேன். "யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வாசலில் அம்மிக்குப் பக்கத்தில் அந்தக் கல் கிடந்தது. ஒரு பக்கம் கூர். மறுபக்கம் உள்ளங்கைக்குள் உட்காரும் உருண்டை. இரண்டு பக்கமும் செதுக்கின வடு. புளி ஒட்டியிருந்தது. முதல் முறையாக நான் அதைப் பார்த்தேன்.

அது என்ன கல் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் பல வருடம் பிடித்தது. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தார். அதே வருடம் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்துக்கு வந்தார்கள். எங்கள் ஓடைக்கரையில் கைக்கோடரிகளை அள்ளினார்கள். ஃபூட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கற்களை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. அவள் அன்று பார்த்துக்கொண்டு நின்ற கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இந்தக் கதை இருந்தது. சாந்தி பப்புவும் அவருடைய குழுவும் 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு செய்துகொண்டிருந்தார்கள். நாங்கள் சென்னைக்குப் பஸ் ஏறிய காலமும் அதுதான். 2011-இல் முடிவு வெளியானது. அங்கே கிடைத்த மிகப் பழைய கைக்கோடரிகளுக்கு வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு. குறைந்தபட்சம் என்று வைத்தாலும் 10 லட்சத்துக்கு மேல். பேப்பரில் அதைப் படித்த அன்று என்னால் பள்ளிக்குப் போக முடியவில்லை. சைக்கிள் தூரத்தில் குழி தோண்டி மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊர் அறிவியல் வாத்தியார் நான் ஒரு நாள் எட்டிப் பார்க்கவில்லை. பூண்டியிலேயே தொல்லியல் துறையின் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளை அங்கே நடத்தியே கூட்டிப் போயிருக்கலாம். நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பள்ளியில் அதற்குப் பிறகு ஏழு வருடம் சுற்றுலா கிடையாது. "ஒரு தடவ பட்டது போதும்" என்று தலைமை ஆசிரியர் முடித்துவிட்டார். அந்த ஏழு வருடப் பிள்ளைகளுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். தற்காலிக ஆசிரியை அடுத்த ஜூனில் வேலைக்கு வரவில்லை. எங்கே போனார் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

2022-இல் ஓய்வு பெற்றேன். பென்ஷன் உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் அவள் வீட்டுக்குப் போனேன். அந்த வரிசையை நீங்கள் கவனிக்க வேண்டும். உத்தரவு வரும் வரை காத்திருந்தேன். வருத்தம் தாங்க முடியாமல் ஓடினவன் அல்ல நான். இனி எனக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதியான பிறகு போனவன்.

அவள் அப்பா நான்கு வருடம் முன்பே இறந்திருந்தார். அவளுக்குக் கல்யாணமாகி அதே ஊரில் இருக்கிறாள். இரண்டு குழந்தைகள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் வருகிறது. பஸ்ஸில் தனியாக அனுப்ப முடியாது என்று படிப்பை நிறுத்தினார்களே, அவள்தான். அம்மாவும் இருந்தார். எண்ணியது, பொய் டிக் போட்டது, சிநேகிதி சொன்னது, இருட்டில் உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும் இரண்டு பேரிடமும் சொன்னேன். அம்மா முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "அப்பவே சொன்னியேடி" என்றார். அவ்வளவுதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா இருக்கும்போது வந்திருக்கலாமே சார்" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அப்பா சாகும் வரை அவளை நம்பவில்லை. அதை இனி யாராலும் சரிசெய்ய முடியாது.

இதை எழுதி அச்சில் போடலாமா என்று கேட்டேன். யோசித்தாள். "போடுங்க. என் பேரு வேணாம். ஊர்ல இருக்கறவங்களுக்குத் தெரியும்" என்றாள்.

கிளம்பும்போது அம்மிப் பக்கம் பார்த்தேன். கல் அங்கேதான் இருந்தது. அதைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். 15 லட்சம் ஆண்டு என்று சொன்னேன். "தெரியும் சார், பேப்பர்ல பாத்தேன்" என்றாள்.

அந்தப் பழைய நோட்டு என்னிடம் இருக்கிறது. எழும்பூர்க் கட்டத்தில் இன்றும் நாற்பத்திரண்டு டிக்குகள் இருக்கின்றன. முப்பத்தோராவது பெயருக்கு எதிரே இருப்பது பொய். என் கையால் போட்டது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இருபது வருடத்துக்கு மேலாக அந்தப் பெண்ணைப் பற்றி நீங்கள் பேசியதெல்லாம் நான் சொன்னதை வைத்துத்தான். அவள் எங்கும் ஓடவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் பஸ்ஸில் ஏறவே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால், அம்மா சொன்னபடி, நின்ற இடத்திலேயே நின்றாள். விட்டுவிட்டு ஓடியவன் நான். இனி அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் இதைச் சொல்லுங்கள்.